நாலு பேர் இருக்கும் வீடு

மார்ச் 4

அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, கால்கள் மட்டும் என்னுடையவை போல இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் இடது கை கொஞ்சமாவது அசைகிறதா?

ஹாஸ்டலுக்கு வந்த அன்றே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் மேசையில் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேச வேண்டுமாம். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினால் "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வராது. அதனால் கடிதம். ஐஸ் லாரி டிரைவர் நம் கூட்டுரோடு வழியாகத்தான் போகிறார். டீக்கடையில் கொடுத்து வைப்பார், பதிலையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். வண்டி எப்போது வருகிறதோ அப்போதுதான் கடிதமும் வரும். "ஐஸ் உருகினாலும் உங்க லெட்டர் உருகாதும்மா" என்று பெருமை வேறு அடித்துக்கொள்கிறார்.

இறால் உரிக்கும் கூடம் கல்யாண மண்டபம் போல நீளம். நீளமான ஸ்டீல் மேசைகள், இரண்டு பக்கமும் நின்றபடி பெண்கள். எல்லாரும் ரப்பர் பூட்ஸ். முன்னால் ஐஸ் கலந்த இறால் கூடை. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்துப் போட வேண்டும். எடை போட்டுத்தான் கூலி. ஓடு எடையில் சேராது. நம் விரலில் உரியும் தோலும் சேராது.

மூன்று வருஷம் படுத்த படுக்கையான அம்மாவைப் புரட்டிப் போட்ட கைகள் என்பதால் எனக்கு வலு இருக்கிறதாம், சூப்பர்வைசர் சொன்னார். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். வீட்டில் என்றேன்.

ஜூனோடு சீசன் முடியும். சொன்னபடி வந்துவிடுவேன். அதுவரை அம்மா உங்கள் பொறுப்பு. அண்ணன் ஏதாவது அனுப்பினானா? கட்டடத்தில் கம்பி கட்டுகிற இடத்தில் தலைக்குத் தொப்பி கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

வேலைக்கு மணி அடிக்கிறார்கள்,
உங்கள் நாத்தனார்


மார்ச் 23

வாயாடிக்கு,

இருந்தபடியே இருக்கிறோம். அத்தைக்குக் கை அசையவில்லை. வாய் மட்டும் இரண்டு கைக்கும் சேர்த்து அசைகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஈரத்தில் நிற்கிறாய், காதில் பஞ்சு வைத்துக்கொள்.

போன வாரம் ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். வெயிலில் முகம் வதங்கிப் போயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"வீட்ல எத்தனை பேர்க்கா?"

"நாலு பேர்."

"எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா?"

"பின்ன, சொந்த வீட்டை விட்டுட்டு எங்க போவோம்?"

"உங்க வீட்டுக்காரர்?"

"வயலுக்குப் போயிருக்கார்."

வயலில் முள்ளுச்செடி ஆள் உயரம் நிற்கிறது. அதை வெட்டப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளட்டும்.

"நாத்தனார்?"

"கடைக்குப் போயிருக்கு."

உள்ளேயிருந்து அத்தை, "அவ எந்தக் கடைக்குடி போனா, போன மாசம் போனவ இன்னும் வரல?" என்றார். நான் பலமாக இருமினேன்.

"மாச வருமானம்?"

"அப்படின்னா?" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

உனக்குத் தெரியாததா? கணக்கெடுக்க எவன் வந்தாலும் ஆளைக் கூட்டிச் சொல்ல வேண்டும், காசைக் குறைத்துச் சொல்ல வேண்டும். உன் அப்பா காலத்திலிருந்து இதுதான் சட்டம். தெருவே அப்படித்தான் சொன்னது. பூட்டிக் கிடக்கிற பக்கத்து வீட்டுக்கு நானே ஐந்து பேர் சொன்னேன்.

செவ்வாயும் வெள்ளியும் நர்ஸ் வந்து அத்தையின் முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார். அவர் இருக்கிற நேரத்தில்தான் நான் தண்ணீர் எடுக்க, ரேஷனுக்குப் போக முடிகிறது. களையெடுக்கும் கூலி வேலையை விட்டுவிட்டேன். அத்தையைத் தனியாக விட்டுப் போக முடியவில்லை.

உன் அண்ணனிடமிருந்து தகவல் இல்லை. தொப்பி இருந்தால் தலை இருக்கும், தலை இருந்தால் ஒருநாள் வீட்டு நினைப்பு வரும்.

கையைப் பார்த்துக்கொள்,
அண்ணி


ஏப்ரல் 17

அண்ணிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கையில் வெடிப்பு, பேனா பிடித்தால் எரிகிறது. இப்போது ஆறிவிட்டது. உங்கள் தலைவலி எப்படி? அம்மாவுக்குப் புண் காய்கிறதா?

நீங்கள் கணக்கெடுப்பு எழுதியதை அறையில் சத்தமாகப் படித்தேன். எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லார் வீட்டிலும் இதே கதைதான். என் பக்கத்துப் படுக்கைக்காரி கணக்குப்படி ஊரில் மாடு மேய்க்கிறாள். மாடு செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

எங்கள் ஊரெல்லாம் காலியாகித்தான் இந்தக் கூடம் நிறைந்திருக்கிறது. இதை எந்த டேப்லெட்டில் எழுதுவார்கள்? விளைந்தால் விலை இல்லை, விலை இருந்தால் விளைச்சல் இல்லை என்று அப்பா போராடிச் செத்தார். அண்ணன் ஒரே வருஷத்தில் கையை உதறிவிட்டுப் போனான். இங்கே நாங்கள் உரிக்கும் இறால் எங்கேயோ கப்பலேறிப் போகிறது. தின்கிறவன் முகத்தை ஒருநாள் பார்க்க வேண்டும்.

முதல் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக, ஒரு பூட்டு வாங்கினேன். கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள், அதற்கு. உள்ளே வைக்க ஒன்றும் இல்லை. இரண்டு சட்டை, உங்கள் கடிதம். ஆனாலும் பூட்டுகிறேன்.

சூப்பர்வைசர் என்னைக் கிரேடிங் மேசைக்குப் போட்டுப் பார்க்கப் போகிறாராம். உரித்ததை அளவு வாரியாகப் பிரிக்கும் வேலை. உட்கார ஸ்டூல் உண்டு.

அம்மாவிடம் நான் கடையிலிருந்து இன்னும் கிளம்பவில்லை என்று சொல்லுங்கள்,
வாயாடி


மே 14

வாயாடிக்கு,

இங்கே வெயில் தாளவில்லை. அத்தை சாப்பிடுவது குறைந்திருக்கிறது. நான் சௌக்கியம்தான். ஸ்டூல் கிடைத்ததா?

நர்ஸ் வருவது நின்றுவிட்டது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு வட்டார அலுவலகத்துக்குப் போனேன். அத்தையை நம் தெருத் தையற்காரர் மனைவி பார்த்துக்கொண்டார்.

அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல திடமா மூணு பேர் இருக்கீங்களேம்மா. படுத்தவங்களைப் பாத்துக்க ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் இனிமே நர்ஸ்" என்றார்.

"நான் ஒருத்திதான் சார் பாத்துக்கறேன்."

"நாலு பேர்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன் சார்."

"அப்ப பொய் சொன்னீங்களா?"

பொய் என்று ஒப்புக்கொண்டால் ரேஷனில் கை வைப்பார்களோ என்று பயம். "இல்ல சார், எல்லாரும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்னைப் போலவே தெருவில் இன்னும் நாலைந்து பேர் போய் அதே பதிலைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். முதல்முறையாக ஆளைக் குறைத்துச் சொல்லியிருக்க வேண்டிய கணக்கு வந்தது. நமக்குப் பழக்கமில்லை.

கட்டு நானே மாற்றுகிறேன். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

உங்கள் கம்பெனி ஏஜெண்டு ஒருவர் வந்திருந்தார், அடுத்த சீசனுக்குப் பெண்கள் வேண்டுமாம். முப்பது வயதுக்கு மேலே எடுப்பார்களா என்று சும்மா கேட்டு வைத்தேன். எடுப்பார்களாம்.

ஜூன் பிறக்கப் போகிறது. எந்தத் தேதி என்று எழுது,
அண்ணி


ஜூன் 19

அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலம் என்று நினைக்கிறேன்.

சீசனை நீட்டிவிட்டார்கள். லீவு யாருக்கும் தர மாட்டேன் என்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன். நடுவில் போனால் வேலை போய்விடும். பணம் கூடுதலாக அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்குக் காற்று மெத்தை ஒன்று வாங்குங்கள், புண்ணுக்கு நல்லது என்று இங்கே ஒரு அக்கா சொன்னார்.

லாரி கிளம்புகிறது,
நாத்தனார்


ஜூலை 10

வாயாடிக்கு,

பணம் வந்தது. மெத்தை வாங்கினேன். அத்தை அதில் மிதப்பது போல இருக்கிறது என்கிறார். கப்பலில் போகிறாராம்.

தையற்காரர் மகள் உங்கள் ஹாஸ்டலில் இருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தாள். சற்றுச் சதை போட்டிருக்கிறாள், பார்க்க நன்றாக இருக்கிறது. உன்னைப் பற்றியும் சொன்னாள். கிரேடிங் மேசையில் உட்கார்ந்திருக்கிறாயாம், நாலைந்து பேருக்கு மேல் அதிகாரமாம். எனக்கும் பெருமையாக இருந்தது.

அவள் வந்துபோனதை அத்தையிடம் சொல்லவில்லை. உன்னைக் கேட்டார். வேலையாக இருக்கிறாள் என்றேன். அது உண்மைதானே.

வேறு ஒன்றும் இல்லை,
அண்ணி


ஆகஸ்ட் 28

வாயாடிக்கு,

உன் கடிதம் வரவில்லை. டீக்கடையில் மூன்று முறை கேட்டுவிட்டேன். டிரைவர் என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறார். உடம்பு சரியில்லையா? சரியில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டு இருமிக் காட்டினாலும் போதும்.

அத்தையின் புண்ணில் சீழ் வைத்துவிட்டது. காய்ச்சல் வந்து ஆளே அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்தார். பால் வண்டிக்காரரைக் கெஞ்சி, பின்னால் கேன்களை ஒதுக்கிக் கிடத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தூக்க ஆள் இல்லை. அந்த நேரம் தெருவில் இருந்தது இரண்டு கிழவர்களும் நானும். ஒரு கிழவர் தூக்கும்போது தானும் சாய்ந்துவிட்டார், அவரையும் நான்தான் நிமிர்த்தினேன். ஆஸ்பத்திரியில், "கூட வந்த ஆம்பளை யாரு?" என்று கேட்டார்கள். பால்காரரைக் காட்டினேன். பாவம், அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அறுத்துச் சுத்தம் செய்து, பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறோம். உன் அண்ணனுக்குத் தகவல் சொன்னேன். காங்கிரீட் போடுகிற நேரமாம்.

நீ வர வேண்டாம். எனக்குத் தூக்கம்தான் வேண்டும்,
அண்ணி


செப்டம்பர் 11

அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன். அம்மா எப்படி இருக்கிறார்?

ஜூனில் எனக்கு லீவு இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவே இல்லை. தையற்காரர் மகள் சொன்னதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைக்கூடத் திட்டி எழுதாமல், அவள் சதை போட்டிருக்கிறாள் என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத முடியாமல் கிடந்தேன்.

நீங்கள் பிடித்து வைத்துக்கொள்வீர்கள் என்று பயப்படவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தால் நானே உட்கார்ந்துவிடுவேன். அதற்குத்தான் பயம். என் தோழிகள் காலேஜுக்குப் போன வயதில் நான் அம்மாவுக்கு மலச்சட்டி எடுத்தேன். பாசத்தில் செய்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள். என்னை யார் கேட்டார்கள்? வேறு ஆள் இல்லை, செய்தேன்.

இந்த இடம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். போன மாதம் குளிரூட்டும் வாயு கசிந்து இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். மறுநாள் வாசலில் "பாதுகாப்பே முதலிடம்" என்று புது போர்டு மாட்டினார்கள். விழுந்தவர்களுக்கு அரைநாள் கூலி பிடித்தார்கள். நான் சண்டை போட்டேன். கிரேடிங் மேசை போய்விடும் என்று மிரட்டினார்கள். போகவில்லை, என் கை வேகம் அவர்களுக்கு வேண்டும். இப்படி ஒரு இடத்துக்குத்தான் ஓடி வந்து ஒளிந்துகொண்டிருக்கிறேன். இதைவிட்டால் எனக்கு அந்தக் கட்டிலோரம்தான்.

அம்மாவைத் தூக்க ஆள் இல்லாமல் நீங்கள் நின்றதைப் படித்தேன். வரச் சொன்னால் வருகிறேன். சொல்லாதீர்கள் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே எழுதுகிறேன்.

மன்னிக்க வேண்டாம், பதில் மட்டும் எழுதுங்கள்,
நாத்தனார்


செப்டம்பர் 30

வாயாடிக்கு,

அத்தைக்குக் காய்ச்சல் இல்லை. புண் மூடி வருகிறது. எனக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, நடக்கிறேன்.

உன்னை ஒன்றும் நல்லவளாக நின்று மன்னிக்கப் போவதில்லை. ஜூனில் உன்னை எதிர்பார்த்தது அத்தைக்காக என்று நினைத்தாயா? எனக்காக. நீ வந்ததும் கட்டிலை உன்னிடம் ஒப்படைத்துவிட்டு நான் கிளம்பலாம் என்று இருந்தேன். ஏஜெண்டிடம் சும்மா கேட்கவில்லை, பெயரே கொடுத்துவிட்டேன். பையில் இரண்டு சேலை மடித்து வைத்திருந்தேன். உன் ஜூன் கடிதம் வந்த அன்று எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டேன். அவ்வளவு கோபம். நீ வரமாட்டாய் என்பதைவிட, நீ முந்திக்கொண்டாய் என்று.

உன் கடிதத்தை அத்தை படிக்கச் சொன்னார். பாதியை விழுங்கிவிட்டுப் படித்தேன். "முழுங்காதடி, முழுசாப் படி" என்றார். படித்தேன். தலையை என் பக்கம் திருப்பினார்.

"ரெண்டு பேரும் என்னை மூட்டை மாதிரி ஆளுக்கொரு பக்கம் தள்ளி விளையாடறீங்க."

"தப்புதான் அத்தை."

"தப்பு கிடக்கட்டும். எனக்குப் புள்ளைன்னு ஒருத்தன் இருந்தானே, செத்துட்டானா?"

"இருக்காரு அத்தை. கம்பி கட்டறாரு."

"யாருக்கு?"

அவர் அனுப்புகிற பணம் எப்போதாவது வருகிறது. மேஸ்திரி பாதியை நிறுத்திவைக்கிறாராம், மீதி அங்கேயே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போகிறதாம். இந்த வீடு உன் காசில்தான் நடக்கிறது.

"அவர் வந்து உங்களைக் குளிப்பாட்டுவாரா? உங்களுக்குக் கூச்சமா இருக்காதா?" என்றேன்.

"அவனை நான் கழுவினப்ப அவன் கூசினானா?" என்றார் உன் அம்மா.

நாம் இரண்டு பேரும் மார்ச்சில் இருந்து எழுதியிருக்கிறோம். எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பப் படித்தேன். உன் அண்ணன் தலைக்குத் தொப்பி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். காங்கிரீட் என்று எழுதியிருக்கிறேன். அவரை வரச் சொல்லலாம் என்று உனக்கும் எழுதத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. படிக்கப் படிக்க என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவருக்கு எழுதிவிட்டேன்,
அண்ணி


அக்டோபர் 12

அண்ணிக்கு,

இடுப்புக்குத் தைலம் லாரியில் அனுப்பியிருக்கிறேன். டிரைவர் பாதி தேய்த்துக்கொள்ளாமல் இருந்தால் முழு பாட்டிலும் வரும்.

உங்கள் கடிதத்தை இந்த முறை அறையில் சத்தமாகப் படிக்கவில்லை. தனியாக உட்கார்ந்து படித்தேன். நீங்கள் சேலையை மடித்து வைத்திருந்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. பிறகு, நான் மட்டும் என்ன சொன்னேன் என்று அடங்கிப்போனது.

அண்ணன் வருவானா? எனக்கு நம்பிக்கை இல்லை. அவன் வேலையை விட்டால் குடும்பமே கவிழும் என்று பேசுவான். என் கீழ்ப் படுக்கை இந்த மாதக் கடைசியில் காலியாகிறது. வார்டனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் நான் முழுசாகத்தான் எழுதினேன் என்று சொல்லுங்கள்,
வாயாடி


அக்டோபர் 29

வாயாடிக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நிஜமாகவே இருக்கிறோம், உன் அண்ணன் வந்துவிட்டார்.

வந்த மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஆம்பளை வீட்ல உக்காந்திருக்க, பொம்பளைங்க ரெண்டு பேரும் சம்பாதிக்கப் போனா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர்ல யாரு இருக்கா, சொல்றதுக்கு?"

எழுந்து வாசலில் போய் நின்றார். தெருவை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பூட்டு, பூட்டு, தையற்காரர் வீடு, பூட்டு. திரும்பி வந்து உட்கார்ந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்றார்.

"கம்பி கட்டத் தெரிஞ்சுதான் போனீங்களா?"

அத்தை உள்ளேயிருந்து, "கம்பி வளையும்டா, நான் வளைய மாட்டேன். பாத்துத் தூக்கு" என்றார். அதற்குத்தான் முதலில் சிரித்தார்.

ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். புரட்டும்போது தோளைப் பிடித்து இழுக்கிறார், இடுப்புக்குக் கீழே கை கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாள் கட்டைப் பிரித்ததும் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். வந்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை லாரியில் கிளம்புகிறேன். சந்தோஷம் என்று எழுத வேண்டும். உன் வாயு, உன் டோக்கன், உன் போர்டு எல்லாம் தெரிந்தேதான் வருகிறேன். அந்தக் கூலியாவது என் பெயரில் இருக்கும். வந்ததும் முதலில் ஒருநாள் தூங்க விடு.

கீழ்ப் படுக்கையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே,
அண்ணி


நவம்பர் 24

வீட்டுக்காரிக்கும் தங்கச்சிக்கும்,

நான் சுகம். அம்மா சுகம். அங்கே நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு, எழுது எழுது என்கிறார்.

அம்மாவுக்குக் காலையில் எந்தப் பக்கம் முதலில் புரட்ட வேண்டும்? நீ சொன்னாய், மறந்துவிட்டது. அம்மாவிடம் கேட்டால், "உனக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். வெள்ளை மாத்திரையைத் துப்பிவிடுகிறார். நீங்கள் எதில் கலந்து கொடுத்தீர்கள்? தலை சிக்கு விழுந்துவிட்டது, சீப்பு போகவில்லை. வெட்டிவிடவா என்று கேட்டேன். அழுதார். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. எண்ணெய் போட்டு ஒவ்வொரு இழையாகப் பிரித்தேன், மத்தியானம் முழுக்க ஆனது.

தண்ணீர் எடுக்கப் போகும்போது அம்மாவை யாரிடம் விட்டுப் போனாய்? சாமான் வாங்கப் போகும்போது? உனக்கு உடம்பு முடியாத நாளில் யார் பார்த்தார்கள்? இதை நீ எழுதவில்லை. எழுதியிருந்தாயோ என்னவோ, எனக்கு வந்த கடிதத்தில் இல்லை.

மேஸ்திரி ஆள் அனுப்பியிருந்தார். ஜனவரியில் பெரிய வேலையாம். யாராவது ஒருத்தர் இங்கே இருந்தால் நான் போய்விட்டு வரலாம். சும்மாதான் எழுதுகிறேன்.

நேற்று தையற்காரர், "பொழுது எப்படிப் போகுது தம்பி?" என்று கேட்டார். போகிறது என்றேன். அது போகவில்லை.

எப்போது வருவீர்கள்? அம்மா கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.